எலுமிச்சைப் பூஞ்சை

என்னைத் தெரிந்தவர்கள் எல்லோரும் மூக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்தில் அது பெரிதாக இருப்பதும் ஒரு காரணம். ஆனால் முதல் காரணம் என் தொழில். பழைய வீடுகளுக்குப் போய், எங்கே ஈரம், எங்கே பூஞ்சை, உள்ளே இருக்கும் காற்று மனிதர் சுவாசிக்கத் தக்கதா என்று சோதித்துச் சொல்கிறவன் நான். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் எங்கள் அப்பாக்கள் காலத்தில் கட்டிய புறநகர் வீடுகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. கதவைத் திறந்ததும் ஒரு மூச்சு இழுத்து, "குளியலறைக்குப் பின்சுவர்" என்பேன். அங்கே ஈரம் இருக்கும். வீட்டுக்காரர்கள் வாயைப் பிளப்பார்கள். குளியலறைப் பின்சுவரில் ஈரம் இல்லாத பழைய வீடே கிடையாது என்பதை நான் அவர்களுக்குச் சொல்வதில்லை.

கடவுள் நம்பிக்கை உள்ளவன் நான். ஒவ்வொரு வாசலிலும் செருப்புக்கு மேல் பிளாஸ்டிக் உறை மாட்டக் குனியும்போது, 'ஆண்டவனே, இந்த வீட்டில் இருக்கிறவர்களுக்கு நல்லது நடக்கட்டும்' என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். 'அது என் மூலமாக நடக்கட்டும்' என்றும் சேர்த்துக்கொள்வேன். கோளாறு அந்த இரண்டாவது வரியில் இருந்தது.

என் மூக்குக்கு மதிப்பில்லாத ஒரே வீடு என் வீடு.

"என்னங்க, மாடிப்படிக்கு அடியில ஏதோ நாத்தம் அடிக்குது" என்று மழைக்காலம் முடிந்ததிலிருந்து என் மனைவி சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"எனக்கு ஒண்ணும் அடிக்கலையே."

"உங்களுக்கு ஊரார் வீட்டு நாத்தம்தானே அடிக்கும்."

"ஊருக்கே மூக்கு நான். எனக்குத் தெரியாதது உனக்குத் தெரியுதா?"

"ஆமா. எனக்கு இருக்கிறது மூக்கு இல்ல, சட்டைப் பட்டன்."

நான் மாடிப்படிக்கு அடியில் இருந்த அலமாரியிலிருந்து என் கருவிப் பையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விடுவேன்.

தையலக்காவின் வீட்டுக்கு நான் போனதும் அப்படிக் கிளம்பிய ஒரு காலையில்தான். துணி தைக்கிறவர் அல்ல அவர். கார், வேன் இருக்கைகளுக்கு உறை தைக்கிறவர். வீட்டை ஒட்டிய கொட்டகையில் தையல் இயந்திரம், ரெக்சின் சுருள்கள், பழைய வேன்களிலிருந்து கழற்றிய கதவுகள், கண்ணாடிகள் என்று நிற்க இடம் இருக்காது. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். பார்த்ததுமே அக்கா என்று கூப்பிட வைக்கிற முகம்.

"நீங்க சொன்ன மாதிரி நேத்திலேர்ந்து வீட்டை மூடியே வெச்சிருக்கேன் தம்பி. ஒரு ஜன்னல்கூடத் திறக்கல. நான் பாதி வெந்துட்டேன்" என்றார்.

"அதுதான்க்கா முறை. திறந்து வெச்சா வெளிக்காத்து வந்து கலந்துடும். வீட்டோட நிஜமான காத்து தெரியாது."

"பல் டாக்டர்கிட்ட பல்லு தேய்க்காமப் போற மாதிரியா?"

"கிட்டத்தட்ட."

எதற்காகச் சோதனை என்று அவரே சொன்னார். அவருக்கு ஒரே தம்பி. வாழ்நாளெல்லாம் லாரி ஓட்டியவர். புகையும் தூசியும் நெஞ்சில் தங்கிவிட்டன. ஆஸ்பத்திரியில் படுத்து இப்போதுதான் தேறிவருகிறார். அடுத்த வெள்ளிக்கிழமை வெளியே விடப்போகிறார்கள்.

"அவனைப் பார்த்துக்க நான் இருக்கேன். ஆனா டாக்டரம்மா கறாராச் சொல்லிட்டாங்க. பழைய வீடுன்னா முதல்ல காத்தைச் சோதிச்சு ரிப்போர்ட் கொண்டு வா, பூஞ்சை இருக்கிற வீட்டுக்கு இந்த நெஞ்சை அனுப்ப மாட்டேன், நோயாளிங்களைப் பார்த்துக்கிற இல்லத்துக்குத்தான் அனுப்புவேன்னு. அந்த இல்லம் ரெண்டு பஸ் மாறிப் போகணும் தம்பி. அவன் அங்க போனா சாப்பிட மாட்டான். யார்கூடவும் பேச மாட்டான். எனக்குத் தெரியும்."

பின்னறையைக் காட்டினார். சுவருக்கு அவரே வெள்ளை அடித்திருந்தார். கட்டில், புது மெத்தை, கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு ரேடியோ. கட்டிலின் தலைமாட்டில் சாய்ந்துகொள்ள ஒரு திண்டு. அது லாரி இருக்கையின் முதுகு.

"இதுலதான் அவனுக்கு முதுகு நிக்கும்" என்றார்.

திண்டை ஒரு தடவை அழுத்திப் பார்த்தேன். "கவலைப்படாதீங்கக்கா. என் கண்ணுலேர்ந்து எதுவும் தப்பாது" என்றேன். மூக்கு என்று பெயர் வாங்கியவன் கண்ணையும் சேர்த்துப் புகழ்ந்துகொண்டேன்.

சுவரில் ஊசி வைத்து ஈரம் பார்க்கும் மீட்டரை எல்லா மூலையிலும் குத்தினேன். எங்கும் ஈரமில்லை. பிறகு பையைப் பின்னறையிலேயே வைத்துவிட்டு, டார்ச்சோடு பரணில் ஏறிக் கூரையைப் பார்த்தேன். ஒழுகல் இல்லை. பரணில் இருந்தபோது கீழே யாரோ எதையோ தட்டி உதறும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கொட்டகையில் தையல் இயந்திரம் ஓடியது. அக்கா தலையணையை உதறுகிறார் போல, சோதனைக்கு முன்னால் அதெல்லாம் கூடாதென்று சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். ஏணியில் இறங்கியபோது வாங்கிய மூச்சில் அது மறந்துபோனது.

கடைசியாகக் காற்று. உள்ளங்கை அளவுக்கு ஒரு பம்ப். அதன் முனையில் பசை தடவிய கண்ணாடித் துண்டு இருக்கும் சின்ன டப்பா. பம்ப் காற்றை இழுக்கும். காற்றில் மிதக்கும் தூள் எல்லாம் பசையில் ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்குள் ஒன்று, ஒப்பிட்டுப் பார்க்க வெளியே ஒன்று. இரண்டையும் பரிசோதனைக் கூடத்தில் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். பம்பை நிறுத்த மூன்று கால் ஸ்டாண்ட் ஒன்று உண்டு. அதன் ஒரு கால் உடைந்து பல மாதம் ஆகிவிட்டது. வெளியே வேலித் தூணிலோ கேட்டிலோ பம்பை மாட்டிவிடுவேன். உள்ளே, பையையே தரையில் நிறுத்தி அதன் மேல் வைத்துவிடுவேன். ஆடாமல் நிற்கும். இந்த யோசனையை நினைத்து நான் பெருமைப்பட்டதும் உண்டு.

பரிசோதனைக் கூடத்தில் அந்தக் கண்ணாடித் துண்டுகளைப் பார்க்கிற பெண் சின்ன வயசுக்காரி. ஆனால் அவள் பேச்சு தலைமையாசிரியையின் பேச்சு. மறுநாளே கூப்பிட்டாள்.

"சார், மறுபடியும் எலுமிச்சை."

கொஞ்ச காலமாக நான் சோதிக்கும் வீடுகளிலெல்லாம் ஒரே வகைப் பூஞ்சை வந்துகொண்டிருந்தது. மைக்ராஸ்கோப்பில் குட்டி எலுமிச்சம்பழம் போல இருக்கும். அட்டை, காகிதம், துணி மாதிரிப் பொருள் நாள்கணக்கில் நனைந்து கிடந்தால்தான் அது வளரும். இத்தனை வீட்டில் எப்படி என்று யோசித்து, நான் ஒரு கொள்கையே கண்டுபிடித்திருந்தேன்: இந்தப் புறநகரைக் கட்டியவர்கள் சுவருக்குள் ஏதோ ஒரே மட்டமான பொருளை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். குடியிருப்போர் சங்கத்தில் அதைப் பற்றி ஒரு பேச்சுகூடப் பேசினேன். கைதட்டினார்கள். சங்கத் தலைவர், "இவர் நம்ம பகுதியின் மூக்கு" என்றார். அன்று இரவு நான் சாப்பிடும்போது கண்ணாடியில் பக்கவாட்டாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டதாக என் மனைவி சொல்கிறாள். அப்படி நடக்கவில்லை என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

"ஆனா இந்த வீட்டுல மாதிரி எங்கயும் பார்த்ததில்ல சார். கொட்டிக் கிடக்கு" என்றாள் கூடத்துப் பெண்.

மீட்டர் ஈரமில்லை என்கிறது. கூரை ஒழுகவில்லை. அப்படியானால் என்ன அர்த்தம்? மீட்டரை நம்பு என்று அர்த்தம். நான் என் கொள்கையை நம்பினேன். தையலக்காவைக் கூப்பிட்டு, "சுவருக்குள்ள இருக்குக்கா. பின்னறைச் சுவரைத் திறந்து எடுத்தாத்தான் போகும்" என்றேன்.

போனில் தையல் இயந்திரம் நிற்கும் சத்தம் கேட்டது.

"திறந்தா வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாயிடுமா தம்பி?"

"ஆயிடும்க்கா. நான் இருக்கேன்ல."

நான் இருந்ததுதான் பிரச்சினை.

கொத்தனார் வந்தார். கட்டிலையும் ரேடியோவையும் நகர்த்திவிட்டு, அக்கா அடித்த வெள்ளையை உளியால் பெயர்த்தார். உள்ளே செங்கல் காய்ந்த ரொட்டி மாதிரி இருந்தது.

"இன்னும் கொஞ்சம் உள்ள போங்க" என்றேன்.

"சார், இது எலும்பு மாதிரி காஞ்சிருக்கு. இதுல பூஞ்சை இருந்தா அது தண்ணிக்கு ஏங்கியே செத்திருக்கும்."

"உங்களுக்குத் தெரியாது. உள்ளுக்குள்ள ஒளிஞ்சிருக்கும்."

"இதுக்கு மேல உள்ள போனா அது உள்ள இல்ல சார், வெளிய."

போனார். வெளிச்சம் வந்தது. ஆளுயரத்துக்கு ஓட்டை விழுந்து, தோட்டமும் பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் பனியன்களும் தெரிந்தன. பூஞ்சை என்று சொல்ல ஒரு புள்ளிகூட இல்லை. அக்கா மெத்தையின் மேல் விழுந்த தூளைக் கையால் கூட்டிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து தம்பி போன் செய்தார். அவர் குரல் எனக்கும் கேட்டது.

"என்னக்கா, என் ரூம் ரெடியா?"

"ரெடியாகிட்டே இருக்குடா" என்றார் அக்கா, ஓட்டையைப் பார்த்துக்கொண்டே.

தூசி அடங்கட்டும் என்று காத்திருந்து, மறுநாள் போய் மறுபடி காற்று எடுத்தேன். வெளியே வேலித் தூணின் மேல் கொத்தனார் சாக்குகளைப் போட்டிருந்தார். அதனால் தோட்டத்திலும் பையைத் தரையில் வைத்து, அதன் மேல் பம்பை வைத்தேன்.

புதன்கிழமை கூடத்துப் பெண் கூப்பிட்டாள்.

"சார், தோட்டத்துல எலுமிச்சை மரம் இருக்கா?"

"என்னம்மா கிண்டலா?"

"வெளிக் கண்ணாடியிலயும் எலுமிச்சை. உள்ள இருக்கிறதுக்குக் கொஞ்சமும் குறையல. இதுவரைக்கும் எந்த வீட்டுலயும் வெளிய ஒண்ணுகூட வந்ததில்ல. தோட்டத்துக்கும் சுவருக்கும் ஒரே வியாதியா? சார், பம்பை எது மேல வெச்சீங்க?"

"ஸ்டாண்டுக்குக் கால் உடைஞ்சிடுச்சு. பை மேல."

"எல்லா வீட்டுலயுமா?"

"எல்லா வீட்டுலயும்."

தூரத்தில் அவளுடைய மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டது.

"அந்தப் பையைக் கொஞ்சம் இங்க கொண்டு வாங்க" என்றாள். உடனே, "ஐயோ வேண்டாம் சார், கொண்டு வராதீங்க. இங்க மத்தவங்க கண்ணாடியும் இருக்கு."

வீட்டுக்கு வந்தேன். மாடிப்படி அலமாரியைத் திறந்தேன். அதில் கிடந்த பழைய சாமான்களை முதல் முறையாக வெளியே இழுத்துப் போட்டேன். பின்சுவரின் மறுபக்கம் துணி துவைக்கும் இயந்திரம். அதன் குழாய் எப்போதோ இளகி, சொட்டுச் சொட்டாகக் கசிந்து, நான் பை வைக்கும் இடம் முழுக்கக் கருப்பாகப் பூத்திருந்தது. பையைக் கவிழ்த்து உள்ளே பார்த்தேன். கான்வாஸ் உட்துணி முழுக்க அதே கருப்பு.

ஒரு இடத்தைத் தவிர. பல மாதமாகக் கிழிந்து தொங்கிய உட்துணியின் ஓரத்தில் பழுப்பு ரெக்சின் வைத்து யாரோ ஒட்டுப் போட்டிருந்தார்கள். இரட்டைத் தையல். கார் இருக்கைக்குப் போடும் தையல்.

பரணில் இருந்தபோது கேட்ட சத்தம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அக்கா, யாரோ ஒருவனுடைய பை கிழிந்திருப்பதைப் பார்த்து, கேட்காமலே எடுத்து, அந்தப் பின்னறையிலேயே நன்றாகத் தட்டி உதறி, தைத்து, இருந்த இடத்தில் வைத்திருக்கிறார். உதறிய தூள் அடங்குவதற்குள் நான் இறங்கிவந்து அதே பையின் மேல் பம்பை வைத்தேன். அவர் எனக்குச் செய்த உதவியை அளந்துதான் நான் அவர் சுவரை இடித்தேன்.

என் மனைவி பின்னால் வந்து நின்றாள். அலமாரியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"குளியலறைக்குப் பின்சுவரா?" என்றாள்.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எனக்கு என் மூக்கே தெரியவில்லை.

நான் கண்ணை மூடிப் பிரார்த்தித்தேன். அந்தப் பிரார்த்தனையை அப்படியே எழுத வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். 'ஆண்டவனே, இது யாருக்கும் தெரியாமல் முடியட்டும்.' வழியும் உடனே தோன்றியது. பை இல்லாமல் போய்ப் புதிதாகக் காற்று எடுத்தால் சுத்தம் என்றுதான் வரும். 'சுவரைத் திறந்ததால் சரியாகிவிட்டது' என்று எழுதிக் கொடுக்கலாம். தம்பி வீட்டுக்கு வந்துவிடுவார். அக்கா என்னைக் கையெடுத்துக் கும்பிடுவார். யாருக்கு என்ன நஷ்டம்? இவ்வளவு வேகமாக ஒரு யோசனை தோன்றினால் அது மேலிருந்து வந்ததாக இருக்காது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த யோசனையோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பையைக் குப்பைக்குப் போட எடுத்தபோது ரெக்சின் ஒட்டு விரலில் பட்டது. முனையில் நூல் பிரியாமல் இருக்க மூன்று முடிச்சுப் போட்டிருந்தார். அந்த ஒட்டை மட்டும் கத்தரித்து எடுத்து வைத்துக்கொண்டேன்.

வியாழன் காலை, கையில் பம்பும் சட்டைப் பையில் அந்த ரெக்சின் துண்டுமாகத் தையலக்காவின் வீட்டுக்குப் போனேன். வாசலில் செருப்பு உறை மாட்டக் குனிந்தபோது பிரார்த்தனையின் இரண்டாவது வரியை விட்டுவிட்டேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். அலமாரி, குழாய், பை, பம்ப். கொத்தனார் கையில் கரண்டியோடு நின்று கேட்டார்.

அக்காவின் முகம் சிவந்தது.

"அப்போ என் சுவர்ல ஒண்ணுமே இல்லையா?"

"இல்லக்கா."

"ஒண்ணுமே இல்லாத சுவரையா இடிச்சீங்க? அவன் இல்லத்துக்குப் போயிடுவானோன்னு நான் தலையணையை நனைச்சதெல்லாம் சும்மாவா?"

"சும்மாதான்க்கா."

"இதை ஏன் வந்து சொல்றீங்க? சரியாப் போச்சுன்னு எழுதிக் கொடுத்திருந்தா எனக்குத் தெரியவா போகுது?"

நான் சட்டைப் பையிலிருந்து அந்தத் துண்டை எடுத்துக் காட்டினேன். அவர் அதை வாங்கி, பழக்கத்தில் தையலை இழுத்துப் பார்த்தார். கோபம் கொஞ்சம் இறங்கியது.

"பை உள்ள கருப்பா இருந்ததை நானும் பார்த்தேன்" என்றார் மெதுவாக. "சொன்னா உங்க மனசு சங்கடப்படும்னு விட்டுட்டேன். பாவம், வீட்டுல கவனிக்க ஆள் இல்லாதவர் போலன்னு நெனச்சேன்."

இதை நான் என் மனைவியிடம் சொன்ன நாளில் எங்கள் வீட்டில் நடந்தது தனிக்கதை.

"நான் உதறாம இருந்திருந்தா இவ்வளவு வந்திருக்காதுல்ல?" என்றார் அக்கா.

"நீங்க செஞ்சது உபகாரம்க்கா. அதைத் தப்பா அளந்தவன் நான்."

"சரி சரி. கால் மணி நேரமா ரெண்டு பேரும் மாத்தி மாத்தி அழறீங்க" என்றார் கொத்தனார். "நாளைக்கு ஆள் வருது. இந்த ஓட்டையை என்ன பண்றது? இப்போ பூசினா நாலு வாரத்துக்கு ஈரம் நிக்கும். அப்புறம் நிஜமாவே பூஞ்சை வரும்."

மூவரும் ஓட்டையைப் பார்த்தோம். பக்கத்து வீட்டுப் பனியன்கள் காற்றில் ஆடின. அக்கா கொட்டகைக்குப் போனார். திரும்பி வந்தபோது, பழைய பள்ளிக்கூட வேனின் நீளமான பக்கக் கண்ணாடி ஒன்றைச் சட்டத்தோடு இழுத்துக்கொண்டு வந்தார். இரண்டு பக்கமும் தள்ளித் திறக்கிற கண்ணாடி.

கொத்தனார் தலையைச் சொறிந்தார். "ஈரப் பூச்சு வேண்டாம். மரக்கட்டை கொடுத்து ஸ்க்ரூ போட்டா நிக்கும். கீழ மிச்சம் இருக்கிற ஓட்டைக்குப் பலகை அடிச்சிடலாம்" என்றார்.

அன்று நான் மரக்கட்டை பிடித்தேன். பிடிக்கச் சொன்ன இடத்தில் பிடித்தேன்; கருத்து எதுவும் சொல்லவில்லை. கொத்தனார் இரண்டு தடவை என்னைத் திரும்பிப் பார்த்து, "சார், மூக்கு என்ன சொல்லுது?" என்று கேட்டார். மூக்கு ஒன்றும் சொல்லவில்லை.

வேலை முடிந்து, அறையைத் துடைத்து, ஜன்னலைச் சாத்தி, தூசி அடங்கிய பிறகு, அக்காவின் தையல் முக்காலியைக் கழுவித் துடைத்து அதன் மேல் பம்பை வைத்துக் காற்று எடுத்தேன். வீட்டை ஒரு நாள் மூடி வைக்க நேரமில்லை என்பதையும் ரிப்போர்ட்டில் எழுதினேன். கூடத்துப் பெண் வீட்டுக்குப் போகக் கிளம்பியவள், நான் ஓடிவருவதைப் பார்த்துக் கைப்பையை மறுபடி மேசையில் வைத்தாள். "பை கொண்டு வரலியே?" என்று மட்டும் கேட்டுவிட்டு மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். அவள் நிமிரும்வரை நான் பிரார்த்தித்தேன். இந்தத் தடவை ஒரு வரிதான்.

"செங்கல் தூள் இருக்கு. எலுமிச்சை இல்ல" என்றாள்.

டாக்டரம்மா ரிப்போர்ட்டை மட்டும் பார்த்துவிட்டு விடவில்லை. நடந்தது முழுவதையும் என் வாயால் போனில் கேட்டார். நடுவில் அவர் இருமியது போல இருந்தது, சிரிப்பாகவும் இருக்கலாம். "தூசியை ஈரத்துணியால இன்னொரு தடவை துடைக்கச் சொல்லுங்க. அப்புறம் அழைச்சுட்டுப் போகட்டும்" என்றார். துடைத்தது நான்தான்.

அந்த மாதம் முழுக்க, எலுமிச்சை வந்த வீடுகளுக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் போய்ச் சொன்னேன். நல்லவேளை, வேறு யாரும் என் பேச்சைக் கேட்டுச் சுவரை இடித்திருக்கவில்லை. குடியிருப்போர் சங்கத்திலும் எழுந்து நின்று சொன்னேன். முதல் பேச்சுக்குக் கிடைத்ததைவிடப் பெரிய கைதட்டல். தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

அதற்கெல்லாம் முன்னால், சொன்ன வெள்ளிக்கிழமையே தம்பி வந்து இறங்கியபோது நானும் அங்கே இருந்தேன். பெரிய உடம்பாக இருந்து வற்றிப்போனவர். கொத்தனாரும் நானும் ஆளுக்கொரு கை பிடித்துக் கட்டிலில் உட்கார வைத்தோம். லாரித் திண்டில் சாய்ந்ததும் அவர் முதுகு தானாக இடம் பிடித்துக்கொண்டது. பக்கத்தில் இருந்த கண்ணாடியைப் பார்த்தார். ஒரு விரலால் தள்ளினார். வழுக்கிக்கொண்டு திறந்தது.

"அக்கா, இது எந்த வண்டி?"

"பள்ளிக்கூட வேன்."

"அதான் ஓரத்துல சூயிங்கம் ஒட்டியிருக்கு." வெளியே பார்த்தார். "வண்டி எப்போ கிளம்பும்?"

"நீ முதல்ல மூச்சை ஒழுங்கா விடு. அப்புறம் கிளம்பலாம்" என்றார் அக்கா. மெத்தையை இழுத்துச் சரி செய்வது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தம்பி மூச்சு விட்டார். இழுத்தார், மறுபடி விட்டார். அறையில் இருந்த நாங்கள் எல்லோரும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றோம்.